செல் சவ்வை மனப்பாடம் செய்யாமல் படிப்பது எப்படி?

பதினோராம் வகுப்பு உயிரியலாக இருந்தாலும் சரி, நர்சிங் முதலாண்டு உடலியங்கியலாக இருந்தாலும் சரி, செல் சவ்வுப் பாடம் வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். எளிய பரவல், எளிதாக்கப்பட்ட பரவல், சவ்வூடு பரவல், செயல்மிகு கடத்தல் என்று வரையறைகளை வரிசையாக உருப்போடுவார்கள். மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் குளுக்கோஸ் குடல் செல்லுக்குள் ஒரு விதமாகவும் ரத்தச் சிவப்பணுவுக்குள் வேறு விதமாகவும் போவது ஏன் என்று யாராவது கேட்டால் பதில் வராது.

இங்கே வேறு வழியில் போகலாம். ஒரே ஒரு மூலக்கூறை வரைந்து, அதிலிருந்து சவ்வைக் கட்டிக்கொண்டு வருவோம். அமைப்பு பிடிபட்டுவிட்டால், எந்தப் பொருள் எப்படிக் கடக்கும் என்பதை மூன்று கேள்விகள் கேட்டு நீங்களே சொல்லிவிடலாம். ஒரு நோட்டு, பென்சில், பீட்ரூட், உருளைக்கிழங்கு, கொஞ்சம் உப்பு இருந்தால் போதும். மைக்ரோஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

படி 1: ஒரு பாஸ்போலிப்பிடை வரையுங்கள்

ஒரு சின்ன வட்டம் போடுங்கள். அதிலிருந்து இரண்டு வால்கள் கீழே தொங்கட்டும். ஒன்று நேராக, இன்னொன்று நடுவில் ஒரு வளைவோடு. வட்டம்தான் தலை. பாஸ்பேட்டும் கோலின் போன்ற ஒரு சிறு தொகுதியும் அதில் இருக்கின்றன. அங்கே மின்னூட்டம் இருப்பதால் தலை தண்ணீரை விரும்பும். வால்கள் கொழுப்பு அமிலங்கள், பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். அவை தண்ணீரை விட்டு விலகும். தலையையும் வால்களையும் கிளிசரால் இணைக்கிறது.

இந்த மூலக்கூறுகள் கோடிக்கணக்கில் தண்ணீரில் கிடந்தால் என்ன செய்யும்? தலைகள் தண்ணீரைத் தொட வேண்டும், வால்கள் தண்ணீரைத் தொடக்கூடாது. இரண்டு நிபந்தனையும் நிறைவேற ஒரு நல்ல வழி, இரண்டு அடுக்காக நிற்பது: மேல் அடுக்கின் தலைகள் மேலே, கீழ் அடுக்கின் தலைகள் கீழே, வால்கள் எல்லாம் நடுவில். இப்படி ஒரு தாள் உருவானாலும் அதன் விளிம்பில் வால்கள் தண்ணீரில் படும். அதனால் தாள் தானே வளைந்து மூடிக்கொண்டு உருண்டையாகிவிடும். சவ்வில் சின்னக் கிழிசல் விழுந்தால் தானாகச் சேர்ந்துகொள்வதற்கும் இதுவே காரணம். இந்த இரட்டை அடுக்கை யாரும் ஒட்டிச் சேர்க்கவில்லை, வேதிப்பிணைப்பால் தைக்கவும் இல்லை. வால்கள் தண்ணீரை விட்டு ஒதுங்குவதே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்த இடத்தை அவசரப்படாமல் இரண்டு முறை வரைந்து பாருங்கள். மீதிப் பாடம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

இரட்டை அடுக்கு என்று முதலில் கண்டு சொன்னவர்கள் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர், 1925-இல். மனித ரத்தத்தோடு நாய், முயல், ஆடு போன்றவற்றின் ரத்தத்தையும் எடுத்து, சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தார்கள். அதைத் தண்ணீர்ப் பரப்பில் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் பரவ விட்டார்கள். பரவிய பரப்பு, அந்தச் செல்களின் மொத்தப் புறப்பரப்பைப் போல இரு மடங்கு வந்தது. அப்படியென்றால் செல்லைச் சுற்றிக் கொழுப்பு இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். அவர்கள் எடுத்த கொழுப்பும் முழு அளவு இல்லை, கணக்கிட்ட புறப்பரப்பும் குறைவு. இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டி, முடிவு சரியாக வந்தது என்பது பின்னால் தெரிந்தது. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வருவதற்கு முன்பு, தண்ணீர்த் தட்டை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது.

படத்தில் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். சவ்வின் கனம் சுமார் 5 முதல் 10 நானோமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் நீளம், ஒரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள துண்டில் ஏறக்குறைய 50 லட்சம் லிப்பிடு (கொழுப்பு) மூலக்கூறுகள் இருக்கும்.

படி 2: புரதங்களைச் செருகுங்கள், பிறகு எல்லாவற்றையும் நகர விடுங்கள்

கொழுப்பு அடுக்கு மட்டும் இருந்தால் அது ஒரு தடுப்பு. வேலை செய்வது புரதங்கள்தான். படத்தில் சில புரதங்களை இரண்டு அடுக்கையும் துளைத்துக்கொண்டு நிற்பது போல வரையுங்கள். சிலவற்றை ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டியிருப்பது போல வரையுங்கள். துளைத்து நிற்கும் புரதத்தின் நடுப்பகுதி கொழுப்போடு ஒத்துப்போகும் அமினோ அமிலங்களால் ஆனது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகள் தண்ணீரோடு ஒத்துப்போகும். வெளிப்புறத்தில் சில புரதங்களிலும் லிப்பிடுகளிலும் சர்க்கரைச் சங்கிலிகளை ஒட்டிவிடுங்கள். ஏ, பி, ஓ ரத்த வகை என்று சொல்கிறோமே, அது சிவப்பணுவின் வெளிப்பக்கத்தில் இருக்கும் இந்தச் சர்க்கரைச் சங்கிலிகளில் உள்ள சிறு வேறுபாடுதான். சர்க்கரை எப்போதும் வெளிப்பக்கம் மட்டுமே. உள்பக்கம் வரைந்தால் படம் தவறு.

சாதாரணமாகச் செல் சவ்வின் எடையில் பாதியளவு புரதம். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையில் கால் பங்குக்கும் குறைவு, ஏனென்றால் அதன் வேலை மின்தடுப்பு மட்டுமே. மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் முக்கால் பங்கு, ஏனென்றால் ஆற்றல் உற்பத்தியின் பெரும்பகுதி அங்கே நடக்கிறது. புரத அளவைப் பார்த்தே ஒரு சவ்வு எவ்வளவு சுறுசுறுப்பானது என்று சொல்லிவிடலாம்.

இப்போது முக்கியமான திருத்தம். நீங்கள் வரைந்த படம் அசையாமல் நிற்கிறது, உண்மையான சவ்வு நிற்காது. ஒரு லிப்பிடு பக்கத்தில் இருக்கும் லிப்பிடோடு நொடிக்கு ஒரு கோடி முறை அளவில் இடம் மாற்றிக்கொள்கிறது. ஆனால் மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்குத் தானாகக் குதிப்பது மிக அபூர்வம், தலை கொழுப்புக்குள் நுழைந்து கடக்க வேண்டுமே. புரதங்களும் நகர்கின்றன. 1970-இல் ஃபிரை, எடிடின் இருவரும் ஒரு எலி செல்லையும் ஒரு மனித செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். எலிப் புரதங்களுக்கு ஒரு நிற ஒளிரும் சாயம், மனிதப் புரதங்களுக்கு இன்னொரு நிறம். இணைந்தவுடன் ஒரு பாதி ஒரு நிறத்திலும் மறு பாதி மற்ற நிறத்திலும் தெரிந்தது. உடல் வெப்பநிலையில் சுமார் 40 நிமிடத்தில் இரண்டு நிறமும் செல் முழுக்கக் கலந்துவிட்டன. குளிரில் வைத்தால் கலக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1972-இல், சிங்கரும் நிக்கல்சனும் பாடப்புத்தகத்தில் நாம் படிக்கும் பாய்மத் திட்டு மாதிரியை, அதாவது திரவம் போன்ற லிப்பிடு அடுக்கில் புரதங்கள் திட்டுத் திட்டாக மிதக்கின்றன என்பதை, முன்வைத்தார்கள்.

குளிரில் ஏன் நகரவில்லை? நேரான வால்கள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகிவிடும், வளைந்த வால்கள் அப்படி நெருங்க முடியாது. நெய் உறைந்து, நல்லெண்ணெய் உறையாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். விலங்குச் செல்களில் இடையிடையே கொலஸ்ட்ராலும் செருகியிருக்கிறது. சூட்டில் சவ்வு அளவுக்கு மீறி இளகாமலும், குளிரில் இறுகிவிடாமலும் அது பார்த்துக்கொள்கிறது. கொலஸ்ட்ரால் என்றாலே கெடுதல் என்று கேட்டுப் பழகியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அது இல்லாமல் நம் செல் சவ்வு இல்லை.

படி 3: பீட்ரூட்டை வைத்துச் சவ்வைச் சோதியுங்கள்

பீட்ரூட்டின் சிவப்பு நிறமி செல்லின் நடுவிலுள்ள வாக்குவோல் என்ற நீர்ப்பைக்குள் இருக்கிறது. அது வெளியே வர வாக்குவோல் சவ்வு, செல் சவ்வு இரண்டையும் கடக்க வேண்டும். சவ்வுகள் நன்றாக இருக்கும்வரை அது கடக்காது.

தோல் சீவிய பீட்ரூட்டை ஒரே அளவு துண்டுகளாக வெட்டுங்கள். வெட்டுப்பட்ட செல்களிலிருந்து நிறம் கசியும், அதனால் துண்டுகளைக் குழாய்த் தண்ணீரில் நிறம் வருவது நிற்கும்வரை அலசுங்கள். இந்த அலசலை விட்டுவிட்டால் சோதனை குழம்பிவிடும். அப்புறம் நான்கு கண்ணாடி டம்ளர்கள்: ஒன்றில் சாதாரணத் தண்ணீர், ஒன்றில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர், ஒன்றில் ஆவி பறக்கும் வெந்நீர். நான்காவதில் மறுபடியும் சாதாரணத் தண்ணீர், ஆனால் ஃப்ரீசரில் ஒரு இரவு உறைய வைத்து எடுத்த துண்டுகள். எல்லாவற்றிலும் ஒரே அளவு தண்ணீர், ஒரே எண்ணிக்கைத் துண்டுகள். அரை மணி நேரம் கழித்து வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து நிறத்தை ஒப்பிடுங்கள்.

முதல் டம்ளர் ஏறக்குறைய தெளிவாக இருக்கும். வெதுவெதுப்பானதிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. வெந்நீர் அடர் சிவப்பாகிவிடும்: சூட்டில் சவ்வுப் புரதங்கள் உருக்குலைந்து, லிப்பிடு அடுக்கும் தளர்ந்துவிடுகிறது. உறைந்த துண்டுகளும் சாதாரணத் தண்ணீரிலேயே நிறத்தைக் கொட்டிவிடும், ஏனென்றால் பனிப் படிகங்கள் சவ்வைக் குத்திக் கிழித்துவிட்டன. எந்தச் சாதனமும் இல்லாமல், உயிருள்ள சவ்வு எதையெல்லாம் பிடித்து வைத்திருந்தது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

படி 4: மூன்று கேள்விகள்

இனி எந்தப் பொருள் வந்தாலும் இதே வரிசையில் கேளுங்கள்.

முதல் கேள்வி: இது கொழுப்பு அடுக்குக்குள் கரைந்து கடக்குமா? நடுவில் இருப்பது எண்ணெய் போன்ற பகுதி. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற சிறிய, மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுகள் தாராளமாகக் கடக்கும். ஸ்டீராய்டு ஹார்மோன்களும் கடக்கும், அவை கொழுப்பில் கரைபவை. ஆல்கஹாலும் கடக்கும். குளுக்கோஸ் பெரியது, தண்ணீரோடு ஒட்டிக்கொள்வது, அதனால் கடக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். அயனிகள் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கடக்காது. சோடியம் அயனி தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை இழுத்து வைத்திருக்கிறது; கொழுப்புக்குள் போக வேண்டுமானால் அவற்றை உதற வேண்டும், அதற்கு ஆகும் ஆற்றல் மிக அதிகம். வெறும் லிப்பிடு அடுக்கு, சோடியத்தை விடத் தண்ணீரை நூறு கோடி மடங்கு எளிதாக விடும். அளவை விட மின்னூட்டம்தான் பெரிய தடை என்பதை மறக்காதீர்கள். புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

இரண்டாவது கேள்வி: எந்தப் பக்கம் அதிகம், எந்தப் பக்கம் குறைவு? அதிகத்திலிருந்து குறைவுக்குப் போவது சரிவில் இறங்குவது. அதற்குத் தனியாக ஆற்றல் வேண்டாம், வழி மட்டும் வேண்டும். அயனியாக இருந்தால் இன்னொன்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்: செல்லின் உட்பக்கம் வெளிப்பக்கத்தை விட எதிர் மின்னழுத்தத்தில் இருக்கிறது. ஓய்வில் இருக்கும் நரம்பு செல்லில் அது சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். ஆகவே நேர் அயனிகளை உள்ளே இழுக்கும் ஒரு விசை எப்போதும் உண்டு.

மூன்றாவது கேள்வி: சரிவை எதிர்த்துப் போகிறது என்றால், ஆற்றல் எங்கிருந்து வருகிறது? செல் தன் வேலைகளுக்கு ஆற்றலாகச் செலவிடும் ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து நேராகவா, அல்லது வேறொரு பொருள் சரிவில் இறங்கும்போது கிடைக்கும் ஆற்றலிலிருந்தா?

பதில்களைச் சேர்த்தால் வரையறைகள் தாமே கிடைத்துவிடும். கொழுப்பில் கரைந்து சரிவில் இறங்கினால் எளிய பரவல். கரையாது, ஆனால் புரதத்தின் வழியாகச் சரிவில் இறங்குகிறது என்றால் எளிதாக்கப்பட்ட பரவல். சரிவை எதிர்த்தால் செயல்மிகு கடத்தல்.

வழிவிடும் புரதங்களில் இரண்டு வகை உண்டு. கால்வாய்ப் புரதம் ஒரு துளை. திறந்திருக்கும்போது அயனிகள் வரிசையாக ஓடும். கடத்திப் புரதம் பொருளை ஒரு பக்கத்தில் பிடித்து, தன் வடிவத்தை மாற்றி, மறுபக்கத்தில் விடும். அதனால் கால்வாயை விட மெதுவானது. பொருளின் அளவு கூடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கடத்திகள் எல்லாம் வேலையில் இருக்கும், வேகம் அதற்கு மேல் ஏறாது. எளிய பரவலுக்கு அப்படி ஒரு உச்சவரம்பு இல்லை. வரைபடம் கொடுத்துக் கேட்கும் கேள்விகளுக்கு இந்த ஒரு வேறுபாடு போதும்.

கால்வாயில் ஒரு புதிர் இருக்கிறது. பொட்டாசியம் கால்வாய் பொட்டாசியத்தைத் தாராளமாக விடும், சோடியத்தை விடாது. ஆனால் சோடியம் அயனிதான் சிறியது! சிறியது ஏன் நுழைய முடியவில்லை? 1998-இல் ராடரிக் மெக்கின்னன் குழு ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் கால்வாயின் வடிவத்தை எக்ஸ்-ரே படிகவியல் மூலம் காட்டியபோது விடை தெரிந்தது. கால்வாயின் குறுகிய பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. பொட்டாசியம் தன் தண்ணீர் உறையை உதறியதும், தண்ணீரின் இடத்தில் இந்த ஆக்சிஜன்கள் கச்சிதமாகப் பொருந்திக்கொள்கின்றன. உதறுவதற்கு ஆன செலவு அங்கேயே ஈடாகிவிடுகிறது. சோடியம் சிறியது என்பதால் எல்லா ஆக்சிஜன்களையும் எட்டித் தொட முடியாது; செலவு ஈடாகாது, அதனால் தண்ணீர் உறையை விட்டு வராது. இதற்காக அவருக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. முதல் கேள்விக்கு நாம் சொன்ன தண்ணீர் உறைதான் இங்கேயும் விடை என்பதைக் கவனியுங்கள்.

படி 5: தண்ணீரைத் தனியாகப் படியுங்கள்

சவ்வூடு பரவலில் குழப்பம் வருவது 'அதிகம்', 'குறைவு' என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான். கரைபொருள் அதிகமுள்ள பக்கத்துக்குத் தண்ணீர் போகும் என்று மட்டும் நினைவில் வையுங்கள்.

உருளைக்கிழங்கை 5 சென்டிமீட்டர் நீளமுள்ள குச்சிகளாக வெட்டி, சிலவற்றை வெறும் தண்ணீரிலும் சிலவற்றை நல்ல உப்புத் தண்ணீரிலும் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். வெறும் தண்ணீரில் கிடந்தவை விறைப்பாக இருக்கும், வளைத்தால் ஒடியும். உப்புத் தண்ணீரில் கிடந்தவை துவண்டு வளையும், ஸ்கேல் வைத்து அளந்தால் கொஞ்சம் குறுகியும் இருக்கும். வடுமாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால், தண்ணீர் ஊற்றாமலேயே இரண்டு மூன்று நாளில் மாங்காய் சுருங்கி உப்புநீர் ஊறி நிற்பதும் இதே நிகழ்வுதான். ஊறுகாயில் விழும் கிருமிகளின் செல்லிலிருந்தும் தண்ணீர் இதே வழியில் வெளியேறிவிடுவதால்தான் அது கெடாமல் இருக்கிறது.

மைக்ரோஸ்கோப் இருந்தால் ரியோ இலையின் அடிப்பக்க ஊதாத் தோலையோ சிவப்பு வெங்காயத்தின் தோலையோ உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். நிறம் செல் முழுக்க நிறைந்திருக்கும். கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் உப்புக் கரைசலைச் சொட்டுவிட்டு, எதிர் ஓரத்தில் உறிஞ்சுதாளை வைத்து இழுங்கள். சில நிமிடங்களில் நிறமுள்ள பகுதி செல் சுவரை விட்டு விலகி நடுவில் சுருங்கும். இதுதான் பிளாஸ்மா சிதைவு. சுருங்கும் எல்லையைக் கூர்ந்து பாருங்கள், செல் சவ்வு அங்கேதான் இருக்கிறது. சவ்வு இவ்வளவு மெல்லியது, நேரடியாகத் தெரியாது. ஆனால் அது இருக்கும் இடம் தெரிந்துவிடும். மறுபடியும் வெறும் தண்ணீர் விட்டால் நிறம் பழையபடி விரியும்.

தாவர செல்லுக்குச் சுவர் இருப்பதால் தண்ணீர் எவ்வளவு போனாலும் வெடிக்காது. நம் சிவப்பணுவுக்குச் சுவர் கிடையாது. வெறும் தண்ணீரில் போட்டால் ஊதி வெடிக்கும், அடர்ந்த உப்புநீரில் சுருங்கும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருப்பது இதனால்தான், அந்த 0.9 சதவீதத்தில் சிவப்பணு வீங்கவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. வெறும் தண்ணீரை ஒருபோதும் நேராக நரம்பில் ஏற்றமாட்டார்கள். இன்னொரு நுணுக்கம்: சவ்வைக் கடந்துவிடும் பொருளால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. யூரியாக் கரைசல் செல்லோடு ஒத்த செறிவில் இருந்தாலும், யூரியா உள்ளே போய்விடும், தண்ணீரும் பின்னால் போகும், சிவப்பணு வெடிக்கும். செறிவை மட்டும் பார்த்தால் போதாது, கரைபொருள் கடக்குமா என்றும் பார்க்க வேண்டும்.

கொழுப்பு அடுக்கு வழியாகவே தண்ணீர் ஓரளவு கசியும். ஆனால் சிவப்பணுவிலும் சிறுநீரகத்திலும் அது கடக்கும் வேகம் அந்தக் கசிவுக்கு அடங்காது. பீட்டர் ஆக்ரே சிவப்பணுச் சவ்வில் கிடைத்த ஒரு புரதத்தை ஆராய்ந்து 1992-இல் இதற்கு விடை கண்டார். அந்தப் புரதத்தைச் செய்யும் ஆர்.என்.ஏ.வைத் தவளை முட்டை செல்லுக்குள் செலுத்தி, நீர்த்த கரைசலில் போட்டார்கள். அந்த முட்டைகள் மளமளவென்று ஊதி வெடித்தன. செலுத்தாத முட்டைகள் பக்கத்தில் அப்படியே கிடந்தன. தண்ணீருக்கான அந்தக் கால்வாயின் பெயர் அக்வாபோரின். ஒரு கால்வாய் வழியாக நொடிக்கு 300 கோடி அளவில் தண்ணீர் மூலக்கூறுகள் போகும், ஆனால் ஒரு ஹைட்ரஜன் அயனி கூடப் போகாது. மெக்கின்னனோடு 2003 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர்தான். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் சிறுநீராக விடுகின்றன. மீதியைத் திரும்ப எடுப்பதில் அக்வாபோரின்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

படி 6: பம்ப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

சோடியம் வெளியே லிட்டருக்கு 145 மில்லிமோல், உள்ளே 10 முதல் 15 வரை. பொட்டாசியம் உள்ளே சுமார் 140, வெளியே 4 அல்லது 5. இந்த வேறுபாட்டை உண்டாக்கிக் காப்பது சோடியம் - பொட்டாசியம் பம்ப். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ நண்டின் நரம்பில் இதைக் கண்டு 1957-இல் வெளியிட்டார். நோபல் பரிசு கிடைக்க 1997 ஆகிவிட்டது.

அது வேலை செய்யும் விதத்தை விரல் வைத்துப் பின்தொடருங்கள். உள்பக்கம் திறந்த நிலையில் மூன்று சோடியம் வந்து உட்காரும். ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட் புரதத்தில் ஒட்டும். புரதம் வடிவம் மாறி வெளிப்பக்கம் திறக்கும், சோடியம் வெளியேறும். அந்த வடிவத்துக்குப் பொட்டாசியம்தான் பொருந்தும். இரண்டு வந்து உட்காரும். பாஸ்பேட் கழன்றுவிடும், புரதம் பழைய வடிவத்துக்குத் திரும்பும், பொட்டாசியம் உள்ளே இறங்கும். ஒரு ஏடிபிக்கு மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே.

இவ்வளவு செலவு எதற்கு? வீட்டில் மோட்டார் போட்டு மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்றி வைக்கிறோம். அப்புறம் எந்தக் குழாயைத் திறந்தாலும் கரண்ட் இல்லாமலே தண்ணீர் வேகமாக வருகிறது. பம்ப் சோடியத்தை வெளியே குவிப்பதும் அப்படித்தான். சோடியம் உள்ளே இறங்கத் துடித்துக்கொண்டு நிற்கிறது. அது இறங்கும்போது குளுக்கோஸையோ அமினோ அமிலத்தையோ கூடவே இழுத்துக்கொண்டு வரும் கடத்திகள் இருக்கின்றன. இதற்கு இரண்டாம்நிலை செயல்மிகு கடத்தல் என்று பெயர். இந்த யோசனையை ராபர்ட் கிரேன் 1960-இல் பிராகில் நடந்த ஒரு மாநாட்டில் முன்வைத்தார்.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். சிவப்பணுவுக்கு வெளியே, ரத்தத்தில், குளுக்கோஸ் எப்போதும் அதிகம். உள்ளே போனதும் செல் அதற்கு ஒரு பாஸ்பேட்டை ஒட்டி மாற்றிவிடுகிறது, அதனால் சரிவு நீடிக்கிறது. கடத்திப் புரதம் இருந்தால் போதும், ஆற்றல் வேண்டாம். குடலிலோ உணவின் கடைசிக் குளுக்கோஸ் வரை உறிஞ்ச வேண்டும். குடல்குழியில் குறைந்து, செல்லுக்குள் அதிகமான பிறகும் உள்ளே எடுக்க வேண்டும். அது சரிவை எதிர்த்து ஏறுவது. சோடியத்தின் துணை இல்லாமல் நடக்காது.

தசையிலும் கொழுப்புத் திசுவிலும் குளுக்கோஸ் சரிவில்தான் இறங்குகிறது. ஆனால் அங்கே குளூட்-4 என்ற கடத்தி செல்லுக்குள் சிறு பைகளில் காத்திருக்கும். இன்சுலின் வந்தால்தான் சவ்வுக்கு வரும். உடற்பயிற்சி செய்தால் இன்சுலின் இல்லாமலும் தசையில் அது சவ்வுக்கு வரும். சர்க்கரை நோயாளிகளை நடக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 7: எல்லாவற்றையும் ஒரு ஓஆர்எஸ் பாக்கெட்டில் பாருங்கள்

பாடத்தை முழுக்க ஒரே இடத்தில் பார்க்க, வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் இந்த உப்பு-சர்க்கரைப் பொடியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. காலரா கிருமியின் நச்சு, குடல் செல்லின் சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு கால்வாயைத் திறந்தே வைத்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, மின்னூட்டத்தைச் சமன் செய்யச் சோடியம் பின்னால் போகிறது, இரண்டின் பின்னால் தண்ணீர் போகிறது. நோயாளி சில மணி நேரத்திலேயே வற்றிப்போகிறார். வெறும் தண்ணீரைக் குடித்தால் நிற்பதில்லை.

ஆனால் அந்த நச்சு, சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே எடுக்கும் கடத்தியைத் தொடுவதில்லை. எஸ்ஜிஎல்டி-1 என்ற அந்தக் கடத்தி இரண்டு சோடியத்தோடு ஒரு குளுக்கோஸை எடுக்கும். ஆகவே உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால், இரண்டும் உள்ளே போகும். செல்லின் மறுபக்கத்தில் பம்ப் சோடியத்தை ரத்தப் பக்கம் தள்ளும், வேறொரு கடத்தி வழியாகக் குளுக்கோஸ் சரிவில் இறங்கும், தண்ணீர் இவற்றின் பின்னால் வரும். சர்க்கரை இங்கே தெம்புக்காகச் சேர்க்கப்படவில்லை. அது இல்லாவிட்டால் உப்பும் தண்ணீரும் உள்ளே வராது.

1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலநபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த கரைசலை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது. ஒரு கடத்திப் புரதம் இத்தனை உயிர்களைக் காத்திருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு இந்தப் பாடத்தைப் படித்தால் அது வேறு பாடமாகிவிடும்.

இப்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் மாற்றியமைத்த கலவையில், ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கணக்கிட்டால் சோடியமும் குளுக்கோஸும் தலா 75 மில்லிமோல். மொத்தச் செறிவு 245, ரத்தத்தின் செறிவை விடக் குறைவு. தண்ணீர் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போக அது வசதி. ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பாதித் தண்ணீரில் கரைத்தால் செறிவு இரட்டிப்பாகி ரத்தத்தையும் மிஞ்சிவிடும், தண்ணீர் திரும்பிக் குடலுக்குள் வரும், வயிற்றுப்போக்கு கூடும். கூடுதலாகச் சர்க்கரை போட்டாலும், பழச்சாறில் கலந்தாலும் இதே கெடுதல்தான். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரை அப்படியே அளந்து கரையுங்கள்.

படி 8: பெரிய பொருள்கள்

புரதம், பாக்டீரியா போன்றவை எந்தக் கால்வாயிலும் நுழையாது. சவ்வே குழிந்து அவற்றைச் சுற்றிக்கொண்டு, ஒரு பையாகக் கிள்ளி உள்ளே எடுத்துக்கொள்ளும். வெள்ளணு கிருமியை விழுங்குவதும், செல்கள் எல்டிஎல் கொலஸ்ட்ராலை உள்ளே எடுப்பதும் இப்படித்தான். இதற்கு நேர்மாறாக, உள்ளே இருக்கும் பை சவ்வோடு சேர்ந்து தன் சரக்கை வெளியே கொட்டுவதும் உண்டு. கணையம் இன்சுலினை அப்படித்தான் வெளியிடுகிறது. சவ்வு பாய்மமாக, தானே மூடிக்கொள்வதாக இருப்பதால்தான் இரண்டும் முடிகின்றன. ஏடிபி செலவு உண்டு என்பதை எழுத மறக்காதீர்கள்.

படி 9: இவற்றை நீங்களே போட்டுப் பாருங்கள்

பதிலை மறைத்துக்கொண்டு, மூன்று கேள்விகளையும் நோட்டில் எழுதிப் பதில் சொல்லிப் பாருங்கள்.

கால்சியம் செல்லுக்கு வெளியே 1 முதல் 2 மில்லிமோல், உள்ளே அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதை வெளியேற்றுவது எது? அயனி, கொழுப்பில் கடக்காது. வெளியேறுவது சரிவை எதிர்த்து. ஆகவே ஏடிபி பம்ப், அல்லது சோடியம் இறங்குவதைப் பயன்படுத்தும் மாற்றுக் கடத்தி. இரண்டும் உடலில் உண்டு.

நெஞ்செரிச்சலுக்குப் பேண்டோபிரசோல் சாப்பிடுகிறோம். அது எதைத் தடுக்கிறது? இரைப்பையில் அமிலம், அதாவது ஹைட்ரஜன் அயனி, செல்லுக்குள் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்கு அளவுக்குச் செறிவாகிறது. இவ்வளவு பெரிய சரிவை எதிர்த்து ஏற்றுவது ஏடிபி பம்ப் மட்டுமே. மருந்து அந்தப் பம்ப்பைத்தான் முடக்குகிறது.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் கடினம். பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் நின்றுவிடுகிறது. அங்கே உள்ள செல்கள் ஏன் வீங்குகின்றன? ஆக்சிஜன் இல்லை, ஏடிபி தீர்ந்துவிடும். பம்ப் நின்றுவிடும். வெளியே குவிந்திருந்த சோடியம் சரிவில் உள்ளே இறங்கும், குளோரைடும் கூடவே வரும், கரைபொருள் அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் வரும். இந்தப் பதிலைப் புத்தகத்தைப் பார்க்காமல் வரிசையாக உங்களால் எழுத முடிந்தால், அடுத்த பாடமான நரம்புத் தூண்டலுக்குப் போகலாம். முடியாவிட்டால் ஆறாவது படிக்குத் திரும்பி, பம்ப்பை இன்னொரு முறை வரையுங்கள்.